பொல்கார் மண்ணும் அதன் மீசான் கற்களும்

(ரஷ்யாவின் ஸ்பாஸ்கி மாவட்டம்: நிலமும் வரலாறும்)

அரபு மதரஸாக்களில் ஹனஃபி மார்க்கச் சட்ட நூல்களை ஓதியவர்களுக்குப் 'புல்கார்' என்னும் ஊர்ப்பெயர் புதிதன்று. கோடைக்காலத்தில் அந்திச் செம்மை மறையுமுன்னரே வைகறை வெளுத்துவிடும் நாட்டில் வாழ்வோர்க்கு இஷாத் தொழுகை கடமையா, அன்றா என்னும் வினாவை எழுப்பும் சட்ட அறிஞர்கள் எடுத்துக்காட்டாகச் சுட்டுவது அவ்வூரையே. ஆயின் அவ்வூர் எத்திசையில் உள்ளது, இன்று அங்கு வாழ்வோர் யாவர், அதன் பழைமையை உலகம் எவ்வாறு அறிந்துகொண்டது என்று வினவினால் விடை கூறுவோர் மிகச் சிலரே. ஓதிய நூலில் கண்ட ஓர் ஊரை நிலப்படத்திலும் காணவேண்டும் என்னும் ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம். தமிழாசிரியனுக்கு ரஷ்ய நாட்டுச் சிற்றூரில் என்ன வேலை என்று கேட்போர், கட்டுரையின் இடைப்பகுதியில் வரும் கல்வெட்டுச் செய்தி வரை பொறுத்தருள்க.

அவ்வூர், ரஷ்யக் கூட்டரசைச் சேர்ந்த தாத்தாரிஸ்தான் குடியரசில், ஸ்பாஸ்கி மாவட்டத்தின் தலைமையிடமாக இன்றும் விளங்குகிறது. பொல்கார் என்பது அதன் இக்காலப் பெயர். 'மாவட்டம்' என்றவுடன் நம் நாட்டு மாவட்டத்தை எண்ணிவிடலாகாது. ரஷ்யர் 'ரயோன்' என வழங்கும் இப்பிரிவு நம் வட்டத்தோடு ஒப்பிடத்தக்கது. ஸ்பாஸ்கியின் பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர். 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 20,000 அளவினதே. தலைமையிடமான பொல்காரிலேயே ஒன்பதினாயிரத்துக்கும் குறைவானோர்தாம் வாழ்ந்தனர். எஞ்சியோர் சிற்றூர்களில் சிதறிக் கிடப்பவர்.

நில அமைப்பு

மேற்கிலிருந்து வரும் வால்கா ஆறு கசான் நகரருகே தெற்கு நோக்கித் திரும்புகிறது. அவ்வாறு திரும்பிய வால்காவுடன், கிழக்கிலிருந்து பெருகிவரும் காமா ஆறு கலக்கிறது. அக்கூடலுக்குத் தெற்கே, வால்காவின் இடக்கரையில் விரிந்து கிடக்கும் சமவெளியே ஸ்பாஸ்கி மாவட்டம். வால்காவின் வலக்கரை பெரும்பாலும் உயர்ந்த மேடு. இடக்கரை தாழ்ந்த வெளி. இத்தாழ்நிலத்தில் காடும் புல்வெளியும் கலந்து காணப்படும். கரிய வளமண் உண்டு; ஆகவே கோதுமை முதலிய தானியங்களும் கால்நடையும் மக்களின் பிழைப்பாயின. பெஸ்னா, உத்கா என்னும் சிற்றாறுகள் இவ்வெளியினூடே ஓடி வால்காவை அடைகின்றன. இருப்புப்பாதை இம்மாவட்டத்தைத் தொடவில்லை. கோடையில் கசானிலிருந்து படகேறி வருவோர்க்கு ஆறே பெருவழி.

ஏறத்தாழ 55 பாகை வட அகலாங்கில் அமைந்தமையால் இங்குக் குளிர்காலம் நீண்டது, கடுமையானது. ஆறு உறைந்து நிலம்போல் ஆகிவிடும். கோடையின் உச்சத்திலோ, நள்ளிரவிலும் கதிரவன் அடிவானத்திற்குக் கீழே 12 பாகை அளவுகூட இறங்குவதில்லை. எனவே அந்தியொளி முற்றும் அவிவதில்லை. சட்ட நூல்களில் வரும் வினா கற்பனையன்று, வானியல் உண்மையே என்பது இதனால் விளங்கும்.

மக்களுள் ரஷ்யரே பெரும்பான்மையினர். தாத்தார் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவினர். சுவாஷியர் சிறு தொகையினர். தாத்தார் முஸ்லிம்கள் தம் சமயத்தின் தொட்டிலாகப் போற்றும் மண்ணில் அவர்களே சிறுபான்மையினர் என்பதையும், சுவாஷியர் என்னும் அச்சிறுகுடியையும் வாசகர் நினைவிற் கொள்க.

பாக்தாதின் தூது

துருக்கிய இனத்தாரான புல்கார்கள் கி.பி. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் தெற்குப் புல்வெளிகளிலிருந்து வடக்கே வந்து நடுவால்காவில் குடியேறினர். தோல், மென்மயிர், தேன், மெழுகு ஆகியவற்றை வடக்கிலிருந்து திரட்டித் தெற்கே விற்றனர். விலையாக நடு ஆசியாவின் வெள்ளித் திர்ஹம்களைப் பெற்றனர். பதப்படுத்திய தோலுக்குப் பாரசீக மொழியில் இவ்வினத்தாரின் பெயரே பெயராயிற்று. தெற்கே கசார் அரசருக்குத் திறை செலுத்திவந்த இவர்களின் மன்னர் அல்மிஷ், தமக்கு மார்க்கம் கற்பிக்க ஆசிரியர்களையும், கோட்டை கட்டப் பொருளையும் அனுப்புமாறு அப்பாசியக் கலீபா அல்முக்ததிருக்கு வேண்டுகோள் விடுத்தார்.

921 ஜூன் 21 அன்று பாக்தாதை நீங்கிய தூதுக்குழு புகாரா, குவாரிஸ்ம் வழியாகப் பயணம் செய்து 922 மே 12 அன்று மன்னரின் பாசறையை அடைந்தது. அக்குழுவில் வந்த இப்னு ஃபத்லான் எழுதிய பயண வரலாறே இந்நிலத்தைப் பற்றிக் கண்ணாற் கண்டார் எழுதிய பழம்பெரும் சான்று. மூன்று ஏரிகள் உள்ள இடத்தில் மன்னரைக் கண்டதாக அவர் குறிப்பர். இன்றைய ஸ்பாஸ்கி மாவட்டத்தில் 'மூன்று ஏரிகள்' என்றே பொருள்படும் ரஷ்யப் பெயருடன் ஒரு சிற்றூர் இருப்பதால், அவ்விடம் இதுவே எனக் கருதும் ஆய்வாளரும் உளர்.

இந்நூலின் சுவை செய்தித் தொகுப்பில் மட்டும் இல்லை. எழுதியவர் தம் தோல்வியையும் மறையாது கூறுவதில் உள்ளது. கோட்டைக்கென ஒதுக்கப்பட்ட 4,000 தீனார் வழியில் வசூலாகவில்லை. தூதர் வெறுங்கையோடு வந்தனர். மன்னர் சினந்தார். அங்குள்ள மோதினார் இகாமத்தின் சொற்களை இருமுறை கூறும் வழக்கினர். இப்னு ஃபத்லான் ஒருமுறை கூறுமாறு திருத்தினார், மன்னரும் இணங்கினார். பணம் வரவில்லை என்று தெரிந்ததும் மோதினார் மீண்டும் இருமுறை கூறத் தொடங்கினார்! இப்னு ஃபத்லான் கண்டித்தபோது மன்னர் வாதிட்டார். இகாமத்தை ஒருமுறை சொன்னாலும் இருமுறை சொன்னாலும் தொழுகை செல்லுமா என்று முதலில் வினவினார். செல்லும் என்பதில் அறிஞர்க்குள் வேறுபாடில்லை என விடை வந்தது. எதிரிகளால் நெருக்குண்ட எளிய மக்களுக்கெனக் கொடுத்தனுப்பிய பொருளைக் கொண்டுசேர்க்காதவர் செய்கை ஆகுமா என அடுத்து வினவினார். ஆகாது என்பதிலும் வேறுபாடில்லை என்று சொல்லவேண்டியதாயிற்று. ஹனஃபி, ஷாபிஈ மத்ஹபுகளின் வேறுபாட்டைப் பள்ளிவாசலில் நாளும் காணும் நம்மவர் இப்பகுதியைப் புன்முறுவலின்றிப் படித்தல் அரிது. மன்னரின் கேள்வியோ சிரிப்புக்குரியதன்று. அவருக்கு வேண்டியிருந்தது கோட்டை.

இரவின் குறுமையையும் அவர் நேரிற் கண்டார். பாக்தாதைச் சேர்ந்த தையற்காரர் ஒருவருடன் கூடாரத்தில் பேசியவாறே இஷாவின் பாங்கை எதிர்பார்த்திருந்தார். சிறிது நேரத்தில் பாங்கு கேட்டது. வெளியே வந்து பார்த்தால் கிழக்கு வெளுத்துவிட்டது. கேட்டது சுபுஹின் பாங்கு! மோதினாரை வினவியபோது, மக்ரிபுடன் இஷாவையும் சேர்த்துத் தொழுவதாகவும், சுபுஹு தவறிவிடுமோ என்னும் அச்சத்தால் ஒரு மாதமாக இரவில் உறங்கவில்லை என்றும் அவர் கூறினாராம்.

நெடுங்காலம் இந்நூல் பிறர் நூல்களில் எடுத்தாளப்பட்ட பகுதிகளாகவே அறியப்பட்டிருந்தது. 1923இல் பாஷ்கிர் அறிஞர் ஸெக்கி வலீதி தோகான், ஈரானின் மஷ்ஹத் நகர நூலகத்தில் அதன் விரிவான கைப்பிரதியைக் கண்டெடுத்தார்.

மதுரைச் சுல்தானகத்தைக் கண்டெழுதிய இப்னு பதூதாவும் தாம் புல்கார் சென்று குறுகிய இரவைக் கண்டதாக எழுதியுள்ளார். ஆனால் அவர் கூறும் பத்து நாளில் அத்தொலைவைக் கடத்தல் இயலாது எனக் காட்டி, அப்பகுதியை ஆய்வாளர் ஏற்பதில்லை. நபித்தோழர் மூவர் இங்கு வந்து மன்னன் மகளின் நோயைத் தீர்த்து மார்க்கத்தைப் பரப்பினர் என்னும் கதையும் மக்களிடையே வழங்குகிறது. அதனை மக்களின் அன்பு புனைந்த கதையாக மதிக்கலாம்; வரலாறாகக் கொள்ள இயலாது.

நகரின் வாழ்வும் வீழ்வும்

1236இல் மங்கோலியப் படை இந்நாட்டை அழித்தது. ஆயினும் பொல்கார் மீண்டெழுந்தது. பொன்படை அரசின் தொடக்கக் காலத்தில் நாணயம் அடிக்கும் நகராக விளங்கியது. பெரும்பள்ளிவாசல், சிறிய மினாரா, கருங்கூடம், குளிப்பறைகள், அடக்கத்தலங்கள் எனச் சுண்ணக்கல்லால் எழுந்த கட்டடங்கள் 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. நகரைச் சூழ்ந்த மண்ணரண் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. 1361இல் புலாத் தைமூரும், 1431இல் மாஸ்கோப் படையும் தாக்கியபின் நகர் பாழாயிற்று. 1552இல் கசான் வீழ்ந்து, நிலம் முழுதும் ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்குள் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாழிடங்களுக்கு நடுவே ஒரு கிறித்தவ மடம் அமைந்தது. அதனைச் சுற்றி ரஷ்ய உழவர் சிற்றூர் எழுந்தது.

கல்லும் மொழியும்

1722இல் பாரசீகப் போருக்குப் படையுடன் வால்காவில் இறங்கிச் சென்ற பேரரசர் முதலாம் பீட்டர் இங்கு இறங்கினார். பாழ்பட்ட மினாராவையும் சிதறிக்கிடந்த மீசான் கற்களையும் கண்டார். மினாராவைச் செப்பனிடுமாறு கசான் ஆளுநருக்கு எழுதினார். கல்லெழுத்துகளைப் படியெடுத்து மொழிபெயர்க்கவும் ஆணையிட்டார். ஏறத்தாழ ஐம்பது கற்கள் படியெடுக்கப்பட்டன. அவற்றுள் சில ஆர்மீனிய எழுத்தின. மற்றவை அரபு எழுத்தின. இது நடந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், 1734இல், பெரும்பள்ளிவாசலின் இடிபாட்டை ஒட்டியே ஒரு தேவாலயம் கட்டி முடிக்கப்பட்டது. அதன் அடித்தளத்தில் வைத்தவை இம்மீசான் கற்களே. படியெடுக்கப்பட்டவற்றுள்ளும் பல பின்னர்க் காணாமற்போயின. ஆணை பத்தாண்டு பிந்தியிருப்பின் அவ்வெழுத்துகளை நாம் இழந்திருப்போம். மினாராவோ 1841இல் சரிந்து விழுந்தது. புதையல் நாடி அதன் அடியைத் தோண்டியதே காரணம் என்பர்.

கற்களைப் படியெடுத்தாயிற்று. அவற்றைப் படித்தவர் யார்? எழுத்து அரபு, இறைமொழிகளும் வாழ்த்துகளும் அரபு மொழி. ஆனால் இறந்தவரின் பெயருக்குப் பின் வரும் செய்தியும் ஆண்டும் வேறொரு மொழி. அரபு எழுத்திலேயே தமிழை எழுதிய அரபுத்தமிழ் ஏட்டை, தமிழறியாத அரபியர் ஒருவர் கையிலெடுத்தால் எழுத்துகளைக் கூட்டிவிடுவார், பொருளை எட்டமாட்டார். பொல்கார்க் கற்களிடம் அறிஞர் பட்ட பாடும் அதுவே.

கல்தோறும் திரும்பத் திரும்ப வந்த 'ஜியாத்தி ஜூர்' என்னும் இரு சொற்கள் அவர்களை மயக்கின. அரபுச் சொற்களாகக் கொண்டால் 'கொடுமை வந்தது' என்பது போல் ஒரு பொருள் தோன்றும். எழுத்துக்கு எண்மதிப்பிட்டுக் கூட்டும் அப்ஜத் முறையை நம் வாசகர் அறிவர். பிஸ்மிக்கு 786 என எழுதுவது அம்முறையால்தான். அவ்வாறே இவ்விரு சொற்களின் எழுத்துகளைக் கூட்டினால், ஜீம் 3, யா 10, அலிஃப் 1, தா 400, மீண்டும் ஜீம் 3, வாவ் 6, றா 200 என மொத்தம் 623 வரும். ஹிஜ்ரி 623 என்பது கி.பி. 1226, மங்கோலியர் புல்கார் நாட்டை நெருக்கிய காலம். கணக்கும் பொருளும் இத்துணை அழகாகப் பொருந்தவே ஐயம் எழவில்லை. இத்தனை பேரும் ஒரே ஆண்டில் இறந்தனரா என்னும் எளிய வினாவைக் கூட அவ்வழகு மறைத்துவிட்டது. பொருந்திவிட்டது என்பதனாலேயே ஒரு பாடம் சரியாகிவிடாது. பாடவேறுபாடு ஆராயும் தமிழ் மாணவரும் அடிக்கடி வழுக்கி விழும் இடம் இது.

1863இல் இம்முடிச்சை அவிழ்த்தவர் ஹுசைன் ஃபைஸ்கானவ் என்னும் தாத்தார் அறிஞர். இவர், இஷாத் தொழுகை பற்றிய அப்பழைய வினாவுக்கு, செம்மை மறையாவிடினும் தொழுகை கடமையே என நூலெழுதி விடை கூறிய ஷிஹாபுத்தீன் மர்ஜானியின் மாணவர். பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மொழி கற்பித்தவர். அவ்விரு சொற்களும் அரபு அல்ல. எண்ணுப்பெயர்கள் எனக் கண்டார். எம்மொழியின் எண்கள்? தாத்தார் மொழியில் நூறு 'யுஸ்' போல ஒலிக்கும்; கல்லில் 'ஜூர்' என்றுள்ளது. மகளைத் தாத்தார் 'கிஸ்' என்பர். கல்லில் 'ஹீர்' என்றுள்ளது. மற்றத் துருக்கிய மொழிகளில் ஸகர ஒலி வரும் இடத்தில் ரகரம் வரும் மொழி இன்று ஒன்றே உண்டு, அது சுவாஷ். சுவாஷியர் நூறினைச் 'சேர்' என்றும், மகளைக் 'ஹேர்' என்றும் வழங்குவர். தமிழில் 'ஏழு' என்பது கன்னடத்தில் 'ஏளு' எனவும் தெலுங்கில் 'ஏடு' எனவும் நிற்பது போன்ற ஒழுங்கான ஒலிமாற்றம் இது. ஆகவே 'ஜியாத்தி ஜூர்' என்பது எழுநூறு. அதனைத் தொடர்ந்து கல்தோறும் வேறுவேறாக வரும் சொற்கள் எழுநூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள். கற்கள் பதினான்காம் நூற்றாண்டின. ஒரே ஆண்டில் மாண்டவராக எண்ணப்பட்டவர்கள், அவரவர் ஆண்டில் வாழ்ந்து மறைந்தவராயினர். பின்னர் 1902இல் நிக்கொலாய் அஷ்மாரின், புல்கார்–சுவாஷ் உறவினைத் தனி நூலாகவே ஆராய்ந்தார்.

இதன்கண் நம் நெஞ்சைத் தொடும் ஒன்றுண்டு. சுவாஷியரிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். பழைய இயற்கை வழிபாட்டினராயிருந்து பின்னர்க் கிறித்தவரானவர், அக்காலத்து உழவுக்குடிகள், எழுத்து மரபு வளராத மொழியினர். தாத்தார் அறிஞர்க்கோ அரபும் பாரசீகமும் கைவந்த கலை. ஆயினும் தம் முன்னோர் எனப் போற்றியோரின் மீசான் கல்லில் உள்ள ஆண்டைப் படிக்க, அயலூர் உழவன் வீட்டு எண்ணுப்பெயர் தேவைப்பட்டது. புல்கார்களின் உண்மை வழியினர் தாத்தாரா, சுவாஷியரா என்னும் வழக்கு அன்று தொட்டு முடிவின்றி நடைபெறுகிறது. ஒருவர் அவர்தம் சமயத்தையும் மற்றவர் அவர்தம் மொழியையும் காத்து வந்தனர் என்றால், இருவரையும் வழக்காடுவோராக அன்றிப் பங்காளிகளாகக் கொள்வதே நேர்மை என்பது என் கருத்து.

பெஸ்னாவில் ஒரு வாசகன்

பிழையான வாசிப்பு அறிஞரோடு நின்றுவிடவில்லை. ஸ்பாஸ்க் என்னும் ஊர் 1781இல் இப்பகுதியின் தலைநகராக்கப்பட்டது; 'மீட்பர்' எனப் பொருள்படும் ரஷ்யச் சொல்லினின்று பிறந்த பெயர் அது. அதனைச் சூழ்ந்த நிலங்களில் உழவர் பண்ணையடிமைகளாக இருந்தனர். 1861இல் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் அவ்வடிமைமுறையை ஒழித்துச் சட்டம் இயற்றினார். சட்டமோ நீண்டது, சிக்கலானது. நிலம் வேண்டின் விலை கொடுத்து மீட்கவேண்டும் என்றது. பெஸ்னா என்னும் சிற்றூரில் எழுத்தறிந்த உழவன் அந்தோன் பெத்ரோவ், அச்சட்ட நூலைக் கூட்டிக்கூட்டிப் படித்தான். அதில் அச்சிட்டிருந்த நூற்றுவீதக் குறியைக் கண்டு, இதுவே பேரரசர் வழங்கிய முழு விடுதலையின் முத்திரை என்று உரைத்தான். சுற்றூர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அவன் குடிலின் முன் திரண்டனர்.

பழைய நாட்காட்டியின்படி ஏப்ரல் 12 அன்று படையினர் அக்கூட்டத்தின் மீது சுட்டனர். உத்தியோகக் கணக்கின்படியே ஐம்பதின்மருக்கு மேல் மாண்டனர். பெத்ரோவ் அச்சட்ட நூலைத் தலைமேல் ஏந்தியவாறு வெளியே வந்தான். ஏப்ரல் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டான். மாண்டவர்க்காகக் கசானில் நடந்த வழிபாட்டில் உரையாற்றிய வரலாற்றுப் பேராசிரியர் அஃபனாசி ஷாபவ் கைது செய்யப்பட்டார். அவ்வூர் இன்று ஸ்பாஸ்கி மாவட்டத்தில் அந்தோனவ்கா என்னும் பெயருடன் உள்ளது. கல்வெட்டைத் தவறாகப் படித்த அறிஞர்க்கு வந்த இழப்பு யாதுமில்லை. சட்டத்தைத் தவறாகப் படித்த ஏழைக்கு உயிரே விலையாயிற்று.

நீரில் மூழ்கிய நகர்

சோவியத்து ஆட்சியில் மாவட்டம் 1930இல் இன்றைய வடிவில் அமைக்கப்பட்டது. 1935இல் அரசியல் தலைவர் வலேரியான் கூய்பிஷெவ் இறந்ததும், ஸ்பாஸ்க் நகருக்கும் மாவட்டத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. வால்காவின் கீழ்ப்பகுதியிலிருந்த சமாரா நகருக்கும் அதே பெயர். அந்நகருக்கு அணித்தாகக் கட்டிய அணையின் நீர்த்தேக்கமும் கூய்பிஷெவ் ஆயிற்று. 1955 முதல் 1957 வரை நீர் நிரம்பி, 6,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பினை மூடியது. பெஸ்னா ஆற்றங்கரையில் இருந்த பழைய ஸ்பாஸ்க் நகரும் அதனுள் அகப்பட்டது. கூய்பிஷெவ் நகரைக் கூய்பிஷெவ் நீர்த்தேக்கமே விழுங்கிற்று! மக்கள் பெயர்ந்து வந்து, பொல்கார் இடிபாடுகளை ஒட்டிய மேட்டில் புதுநகர் அமைத்தனர். பழைய நகரின் மேட்டுப்பகுதி தீவாக எஞ்சியது. பழம்பொல்கார் உயர்ந்த கரையில் இருந்தமையால் தப்பியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் எட்டாத மேட்டைத் தேர்ந்த வணிகர்களின் அறிவு, அணை கட்டிய காலத்திலும் பயன்பட்டது.

1991இல் நகர் பொல்கார் என்றும், மாவட்டம் ஸ்பாஸ்கி என்றும் மீண்டும் பெயர் பெற்றன. நகருக்குப் புல்கார்களின் பெயரும் மாவட்டத்துக்குக் கிறித்தவப் பெயரும் அமைந்தமை, அம்மண்ணின் இரு வரலாறுகளையும் விட்டுக்கொடாத ஏற்பாடாகவே தோன்றுகிறது. 1938 முதல் ஏ.பி. ஸ்மிர்னவ் தலைமையில் தொடங்கிய அகழாய்வும், 1969இல் அமைந்த காப்பகமும் இடிபாடுகளைக் காத்தன. வீழ்ந்த மினாரா 2000இல் மீண்டும் எழுப்பப்பட்டது. 2012இல் வெள்ளைப் பள்ளிவாசல் திறக்கப்பட்டது. 2014இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2017இல் இஸ்லாமியக் கலைக்கழகம் ஒன்றும் தொடங்கியது. ஆண்டுதோறும் கோடையில், 922ஆம் ஆண்டினை நினைந்து தாத்தார் மக்கள் இங்குக் கூடுகின்றனர்.

1734இன் தேவாலயம் இடிக்கப்படவில்லை. அது இன்று அருங்காட்சியகம். மீட்டெடுத்த மீசான் கற்கள் வடக்கு அடக்கத்தலத்தினுள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றில் 'ஜியாத்தி ஜூர்' என்னும் சொற்களை, இப்போது பிழையின்றிப் படிக்கலாம்.